ஆரஞ்சுப் பெட்டியைத் தேடி வந்தவர்கள்

எங்கள் வீட்டுப் பக்கம் மனிதர் வந்தால் நாய்க்கே ஆச்சரியம். ஆயர் தாவார் ரோட்டிலிருந்து விலகி, ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்ட தோட்டத்தின் கடைசியில் இருக்கிறேன். லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்கள் எல்லாரும் டவுனுக்குப் போய்விட்டார்கள். கணவர் போன பிறகு அவருடைய பழைய இரும்பு வியாபாரத்தை நானே பார்க்கிறேன். மகள் சிங்கப்பூரில். "தனியா இருக்காதீங்கம்மா" என்று போனில் சொல்வாள். நரம்பில்லாத நாக்கு, எதை வேண்டுமானாலும் சொல்லும்.

ஒரு நாள் மத்தியானம் தலைக்கு மேல் ஹெலிகாப்டர் சுற்றிச் சுற்றி வந்தது. காயப்போட்ட துணியெல்லாம் மண்ணில். வாயில் வந்ததைச் சொல்லித் திட்டிக்கொண்டே பொறுக்கினேன். அப்போதுதான் நாலைந்து பேர் சேறும் வியர்வையுமாகச் செம்பனைக்குள்ளிருந்து வந்தார்கள். இருவர் ஸ்ட்ரெச்சர் தூக்கியிருந்தார்கள். முன்னால் வந்தவர் தமிழர், முப்பது வயதிருக்கும். கையில் ஏரியல் வைத்த கருவி.

"அக்கா, இங்க எங்கயாச்சும் ப்ளேன் விழுந்துச்சா? சத்தம் கேட்டீங்களா?"

"நீங்க போட்ட சத்தந்தான் கேட்டுச்சு. வேற ஒண்ணும் விழல."

அவர் நம்பவில்லை. கருவியை அப்படியும் இப்படியும் திருப்பிக்கொண்டே நடந்தார். என் இரும்புக் குவியலை நெருங்க நெருங்க அதன் ஊளை கூடியது. தகடுகளை விலக்கினார்கள். அடியில் ஓர் ஆரஞ்சுப் பெட்டி. ஈப்போவில் ப்ளேன் ரிப்பேர் பட்டறை ஒன்றைக் காலி செய்தபோது மொத்தமாக வாங்கிய சாமானில் வந்தது. காலையில் நான்தான் அதைத் தூக்கிக் குவியலில் எறிந்திருந்தேன்.

ஸ்ட்ரெச்சரைக் கீழே போட்டுவிட்டு அவர்கள் அப்படியே உட்கார்ந்தார்கள். யாரோ உயிரோடு கிடப்பார்கள் என்று ஓடி வந்தவர்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"கோவிச்சிக்காதீங்க லா தம்பி. எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சா செஞ்சீங்க? ப்ளேன் விழுந்தா, அந்த அடியிலயே இது தானா கத்த ஆரம்பிச்சிடும்கா. சேட்டலைட்டுக்குக் கேக்கும். ஏறக்குறைய எந்த எடம்னு அது சொல்லும், பக்கத்துல வந்துட்டா இந்த மெஷின வச்சித் தேடுவோம். நீங்க எறிஞ்ச அடியில ப்ளேனே விழுந்துடுச்சின்னு நெனச்சிடுச்சி."

"உள்ள இருக்கிறவங்க மயங்கிக் கெடந்தா?"

"அப்பவும் கத்தும். அதுக்குத்தானே இது."

என் கணவர் இதே செம்பனைக்குள், ரப்பர் ஷீட் உலர்த்திய பழைய புகைவீட்டுக்குப் பின்னால் உள்ள கால்வாயில் விழுந்து கிடந்தார். இரும்பு பொறுக்கப் போனவர். போன் சட்டைப் பையில்தான் இருந்தது, அங்கே லைன் கிடையாது. விடியும்வரை நானும் டார்ச்சுமாகத் தேடினேன். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. "என்னங்க, என்னங்க" என்றே தொண்டை கட்டும்வரை கத்தினேன். வெகுநேரம் உயிர் இருந்திருக்கும் என்று பிறகு டாக்டர் சொன்னார். அதை ஏன் என்னிடம் சொல்ல வேண்டும்? அந்த ஆள் மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

ஒரு பெட்டிக்கு இத்தனை பேர். பொறாமையாக இருந்தது, மறைப்பானேன். ஆனால் அவர்கள் என் வாசலில் உட்கார்ந்திருந்ததும் பிடித்திருந்தது. நான் விழுந்தால் தேடி வர யார் இருக்கிறார்கள்?

தம்பி பெட்டியின் சுவிட்சில் கை வைத்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கொஞ்சம் பொறுத்து அணைங்களேன். எல்லாருக்கும் தேத்தண்ணி போடுறேன். குடிச்சிட்டுப் போலாம்."

"முடியாதுக்கா. நெசமாவே ஒருத்தன் எங்கயாச்சும் விழுந்து கெடந்தா, அவன் பெட்டியோட சத்தம் இதுல அமுங்கிப் போயிடும்."

கையை எடுத்தேன்.

"அப்பன்னா சீக்கிரம் அணைங்க," என்றேன். "அங்க அவனத் தேடி ஒருத்தி கத்திக்கிட்டு இருப்பா."