தூக்கின கை

மகேஸ்வரிக்கு மண்டலைக் கண்டாலே ஆகாது. கொல்கத்தா பெஹாலாவில் அவள் இருக்கிற சந்தில் அடுக்குமாடி கட்டுகிற ப்ரோமோட்டர் அவன். அவன் முதல் போர்வெல் போட்டதும் அவள் வீட்டெதிர் அடிபம்பு வெறும் காற்றைக் கக்கியது. மிச்சம் சந்து முனைப் பம்பு ஒன்றுதான். நாசமாய்ப் போகிறவன், இப்போது இன்னொரு போருக்கு அனுமதி கேட்கிறான். அதுவும் வந்தால் முனைப் பம்பும் காலி, லாரித் தண்ணீர்தான் கதி.

வார்டு ஜனம் சொல்வதை அப்படியே கார்ப்பரேஷன் ஆபீசுக்கு எழுதுகிறேன் என்று கவுன்சிலர் கிளப்பில் கூட்டம் போட்டார். மகேஸ்வரி வீடு வீடாகப் போய் ஆள் திரட்டினாள். மீன்காரனோடு மல்லுக்கட்டியே கற்ற பெங்காலி அவளுடையது. அதை வைத்து மண்டலை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள்.

அவன் அசையவில்லை. "மாஷிமா, உங்க ஓட்டு எந்த ஊர்ல?"

"தூத்துக்குடி." சொன்ன பிறகுதான் உறைத்தது. துறைமுக வேலைக்கு மாற்றலாகி வந்த காலத்திலிருந்து, எப்படியும் ஊருக்குத்தானே போகப்போகிறோம் என்று ஓட்டை மாற்றவிடாமல் செய்தவர் அவள் புருஷன் பன்னீர்செல்வம். ரிட்டயரான பிறகும் அதே பாட்டு.

"அப்போ உட்காருங்க. இங்க ஓட்டு இருக்கிறவங்கதான் கை தூக்கணும். மேஷோமஷாய், உங்க வீட்டுக்காரர், தூக்கலாம். அவர் ஓட்டைப் போன வருஷம் நான்தான் மாத்திக் கொடுத்தேன்."

மகேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். பன்னீர்செல்வம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போர் வேண்டும் என்பவர்கள் கை தூக்கச் சொன்னபோது, பாவி மனுஷன், மெல்லக் கையைத் தூக்கினார். ஒரே ஒரு கை வித்தியாசத்தில் மண்டல் ஜெயித்தான்.

"நம்ம வீட்டுக்கு மட்டும் தனித் தண்ணி லைன் தர்றேன்னு சொன்னான் மகேஸ்வரி," என்றார் வீட்டுக்குப் போகிற வழியில். "உனக்காகத்தான்."

"என் பேரை இழுக்காதீங்க." அவள் அவரை விட்டு முன்னால் நடந்தாள்.

இரண்டாவது போர் ஓடியதும் முனைப் பம்பு செத்தது. தனி லைன் வரவேயில்லை. மண்டல் போனையே எடுப்பதில்லை.

லாரி வந்த காலையில் மகேஸ்வரி இரண்டு வாளியைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள்.

"அன்னைக்குத் தூக்கின கைதானே. இதையும் தூக்குங்க."

"முழங்கால் வலிக்குதுடி."

"கை வலிக்கலையே."

அவர் வாளிகளோடு இறங்கிப் போனார். அவள் ஜன்னலில் நின்று பார்த்தாள். வரிசை சந்து முனைவரை நின்றது. அவரைப் பார்த்ததும் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நெருக்கி நின்றார்கள். அவர் கடைசியில் போய் நின்றார்.