ரவைப் பொட்டலத்தில் ஒரு வெள்ளை முடி

கவலைப்படுவதில் நான் சின்ன வயதிலேயே கெட்டிக்காரி. மற்ற பிள்ளைகள் பாண்டி ஆட்டத்தில் பேர் வாங்கினார்கள். நான் நடக்காத ஒன்றை நடந்துவிட்டதாக நினைத்து வயிற்றைக் கலக்கிக்கொள்வதில் பேர் வாங்கினேன். அப்பா வேலை பார்த்த மில்லைப் பூட்டிய பிறகு இந்தத் திறமை இன்னும் கூடிப்போனது. தொண்ணூறுகளில் சிங்காநல்லூர்ப் பக்கம் மில் கேட்டில் பூட்டுத் தொங்குவது அதிசயமில்லை. எங்கள் வீட்டுக்கு மட்டும் அது புதிது. அப்பா கிடைத்த வேலைக்குப் போனார். கிடைக்காத நாட்களில் வீட்டு ரேடியோவைக் கழற்றி ரிப்பேர் செய்தார். அவர் கை வைக்கும்வரை அது நன்றாகத்தான் பாடிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மெயின் ரோட்டில் புதிதாகத் திறந்த டிபார்ட்மெண்டல் ஸ்டோரில் அம்மாவுக்கு வேலை கிடைத்தது. கண்ணாடிக் கதவும் மொசைக் தரையும் போட்ட கடை. கூடையை எடுத்துக்கொண்டு நாமே உள்ளே போய் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்பதை ஊரே அதிசயமாகப் பேசியது. பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராக அங்கே போய், பின்பக்கம் பொட்டலம் போடும் மேசைக்குக் கீழே ஒரு காலி எண்ணெய் டின்னைக் கவிழ்த்து உட்கார்ந்துகொள்வேன். பருப்பையும் ரவையையும் எடை போட்டுக் கவரில் கொட்டி ஒட்டுவது அம்மாவின் வேலை. மெஷினெல்லாம் கிடையாது. கவரின் வாயை ஆக்சா பிளேடில் மடித்துப் பிடித்து மெழுகுவத்திச் சுடரில் ஓர் இழுப்பு இழுக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் கவர் ஓட்டையாகிவிடும், அவசரப்பட்டால் ஒட்டாது. அம்மா என்னிடம் வீட்டுப்பாடம் கேட்டுக்கொண்டே சுடரைப் பார்க்காமல் இழுப்பாள்.

சனிக்கிழமைதோறும் ஜிம்மி வரும். அந்தக் கடையில் பெயர் சொல்லி எல்லோராலும் அழைக்கப்பட்டது அந்த நாய் ஒன்றுதான். வெள்ளை வெளேரென்று சடை தொங்கும் சின்ன நாய். கார் வைத்திருந்த ஒரு பங்களாக்கார அம்மா அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார். மாதச் சாமான், விருந்துச் சாமான், தோட்டத்து ஆட்களுக்குச் சாமான் என்று அவர் வாங்குவதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். அதனால் முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து நின்று அவரை வரவேற்பார். அந்தம்மாவும் தன்மையானவர்தான். கடையில் எல்லோரையும் அம்மணி, கண்ணு என்றுதான் கூப்பிடுவார். நாயிடம்கூட ‘இருங்க கண்ணு, இருங்க’ என்றுதான் பேசுவார். எனக்கு அது சிரிப்பாக இருக்கும்.

பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. அதற்காகப் பின்பக்கம் வருவார். தரை சில்லென்று இருக்கிறது, ஜிம்மிக்கு ஆகாது என்று அதைத் தூக்கிப் பொட்டலம் போடும் மேசைமேல் விடுவார். அது ரவைக் குவியலை முகர்ந்து பார்த்துத் தும்மும், உடம்பைச் சிலுப்பிக்கொள்ளும். அம்மா அந்த நேரம் முழுவதும் தலையில் கட்டிய துண்டை நெற்றிவரை இறக்கிவிட்டுத் தராசையே பார்த்துக்கொண்டிருப்பாள். அம்மாவுக்கு நாய் என்றால் பயம் என்று நான் முடிவுகட்டிவிட்டேன்.

முதல் புகார் பேங்க்கில் வேலை பார்த்த ஒருவரிடமிருந்து வந்தது. ரவைப் பொட்டலத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, “ஏனுங்க, ரவை வாங்குனாக் கம்பளி இலவசமுங்களா?” என்று கேட்டார். உள்ளே நீளமாக ஒரு வெள்ளை முடி. கடையில் எல்லோரும் சிரித்தார்கள், முதலாளி உட்பட. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்தக் கவரை ஒட்டியது என் அம்மா.

அது யாருடைய முடி என்று கடையில் தெரியாதவர்கள் இல்லை. அதை அந்தம்மாவிடம் யார் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. வந்தவரை வாங்க என்று சொல்லத்தான் வாய் பழகியிருக்கிறது. வராதீங்க என்பதற்கு நாக்கு எழும்பாது. முதலாளி யோசித்து, கடைக்குள் நாய்களை அழைத்து வருவதைத் தவிர்க்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்வதாக ஒரு போர்டு எழுதி வாசலில் மாட்டினார். வெள்ளிக்கிழமை வரை அது கம்பீரமாகத் தொங்கியது. சனிக்கிழமை காலையில் அந்தம்மா பார்த்தால் மனசு சங்கடப்படுமே என்று அவரே அதைக் கழற்றிக் கல்லாவுக்கு அடியில் வைத்தார். மறுபடி ஞாயிற்றுக்கிழமை மாட்டினார். அந்த வட்டாரத்தில் நாய் வைத்துக்கொண்டு கடைக்கு வருகிறவர் அவர் ஒருவர்தான் என்பதால், படிக்க வேண்டியவர் தவிர மற்ற எல்லோரும் அந்தப் போர்டைப் படித்தார்கள்.

நான் என்னால் ஆனதைச் செய்தேன். தினமும் சாயங்காலம் அம்மா ஒட்டிப் போட்ட பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்து டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பேன். ரவையிலும் மைதாவிலும் வெள்ளை முடியைத் தேடுவது லேசுப்பட்ட காரியமில்லை. கண் எரியும். ராத்திரி கண்ணை மூடினாலும் வெள்ளை முடியாகவே தெரியும். அம்மா என்னை அதட்டவில்லை. நான் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்து பிறகு அடுக்குவாள். அதுவே என்னை இன்னும் பயமுறுத்தியது.

கார்த்திகை மாதம் வந்தது. சபரிமலைக்கு மாலை போட்டிருந்த ஒருவர் நாட்டுச்சர்க்கரைப் பொட்டலத்துடன் வந்தார். இவர் குசும்பு பேசுகிறவர் இல்லை. மாலை போட்ட வீட்டுக்கு நாய் முடியைக் கொடுத்தனுப்பினீர்களா என்று வாசலிலேயே சத்தம் போட்டார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். முதலாளி கையெடுத்துக் கும்பிட்டு வேறு சர்க்கரை கொடுத்து அனுப்பினார். பிறகு பின்பக்கம் வந்து அம்மாவின் மேசைக்கு முன்னால் நின்றார்.

“உங்க மேல தப்பில்லீங்க அம்மணி, எனக்குத் தெரியுது. ஆனா இன்னொருக்கா இப்படி வந்துபோட்டுதுன்னா எனக்கு வேற வழி இல்லீங்க. நாளைக்கு அவுங்க வரும்போது நீங்களே ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. பொம்பளைக்குப் பொம்பளை சொன்னா நல்லாருக்குமுங்க.”

வேறு வழி இல்லை என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். மில் பூட்டியபோதும் அப்பாவிடம் அதைத்தான் சொன்னார்கள். சொல்லாவிட்டால் முடி விழும், வேலை போகும். சொன்னால் அந்தம்மா கோபித்துக்கொள்வார், அப்போதும் வேலை போகும். இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்துவிட்டு, நாளை அந்த நாய்க்குக் காய்ச்சல் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டு படுத்தேன். அம்மாவும் தூங்கவில்லை. புரண்டு படுக்கும் வளையல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் ஜிம்மி நல்ல சுகத்தோடு வந்தது. முதலாளி போர்டைக் கழற்றவில்லை. ஆனால் கார் நின்றதைக் கண்டதும் டெலிபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுவிட்டார். மறுமுனையில் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. அம்மா தலைத்துண்டை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு வாசலுக்கு நடந்தாள். நான் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

“வாங்கம்மா,” என்றாள் அம்மா. குரல் சரியாகத்தான் இருந்தது. “நாயி மட்டும் உள்ள வேண்டாங்க. டிரைவர்கிட்டக் குடுத்துட்டு வாங்க.”

அந்தம்மா சிரித்தார். “இவனப் போயி நாயின்னு சொல்றீங்களே அம்மணி. எங்கூட்டுல இவன் சமையக்கட்டு வரைக்கும் வருவானுங்க.”

“உங்கூட்டுல வரட்டுங்க. இது நாலு பேரு வாங்கிச் சாப்புடற சாமானுங்க. முடி விழுகுதுங்க.”

அந்தம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நாயின் தலையைத் தடவிக்கொண்டு அம்மாவை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். “நெம்ப நல்லாப் பேசறீங்க. நீங்க எந்த ஊருங்க அம்மணி?”

எங்கள் பக்கம் பார்த்தவரை எல்லாம் கேட்கிற கேள்விதான். யார் கேட்டாலும் சிங்காநல்லூர் என்று சொல்லச் சொல்லி அம்மா எனக்குப் பழக்கியிருந்தாள். அவளும் அதைத்தான் சொல்வாள். நானே சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அம்மா என் தோளை அழுத்தினாள்.

“அவிநாசிக்கு அந்தப் பக்கங்க. உங்க ஊருதானுங்க. கெழக்கால காலனிங்க. எங்கப்பா உங்க தோட்டத்துல பண்ணையத்துல இருந்தாருங்க.”

அம்மாவுக்கு அந்தம்மாவை முன்பே தெரியும் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியமாகப் போயிற்று. அடடா, சொந்த ஊர்க்காரர், இனிப் பிரச்சினை இல்லை என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். அந்தத் தோட்டத்து வீட்டின் வாசற்படியை என் அம்மாவின் அப்பா ஒருநாளும் மிதித்ததில்லை என்பதோ, வெளியே நின்று கை நீட்டிக் கூழ் வாங்கிக் குடித்தவர் என்பதோ அன்று எனக்குத் தெரியாது. என் தோளில் இருந்த கை இன்னும் இறுகியது. வேலை போய்விடும் என்ற பயத்தின் கணக்கிலேயே நான் அதையும் சேர்த்துக்கொண்டேன்.

அதுவரை அம்மணி என்று பேசியவர் அதற்குப் பிறகு அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவைத் தாண்டிக் கடையின் பின்பக்கத்தைப் பார்த்தார், அடுக்கிவைத்த பொட்டலங்களைப் பார்த்தார். பிறகு முதலாளி பக்கம் திரும்பினார். “ஏனுங்க, நீங்க எதும் விசாரிக்கறதில்லீங்களா?”

முதலாளி டெலிபோனை வைத்தார். “பாக்கறேனுங்க,” என்றார்.

“அப்புறம் வாரேனுங்க,” என்று சொல்லி அந்தம்மா நாயோடு காரில் ஏறிப் போய்விட்டார். நாயைப் பற்றிய விதிமுறையைத்தான் விசாரிக்கச் சொல்கிறார் என்று நான் நினைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் ஓடிப்போய்ப் பார்த்தால் மேசைக்குப் பின்னால் அம்மா இல்லை. அப்போது வாசல் பக்கமிருந்து என்னைக் கூப்பிட்டாள். கதவுக்கு வெளியே, வருகிறவர்களின் பையை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுக்கும் இடத்தில் அம்மா நின்றிருந்தாள். தலைக்கு மேலே ஃபேன். பின்னால் புதிதாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. மிளகாய்த் தூசியில் எத்தனை நாளைக்குத்தான் கஷ்டப்படுவீங்க அம்மணி என்று முதலாளியே சொல்லி மாற்றிவிட்டாராம். அதே சம்பளம்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. போக வேண்டிய வேலை போகாமல், அதற்கு மேல் ஃபேனும் நாற்காலியுமா? வழியெல்லாம் ஆட்டம் போட்டுக்கொண்டு வந்து, அப்பாவிடம் அம்மாவுக்கு ஆபீசர் வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னேன். அப்பா சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அம்மாவைப் பார்த்தார்.

“சாமானைத் தொட வேண்டாங்கறாங்களா?”

“அப்படி ஒருத்தரும் சொல்லலீங்க,” என்றாள் அம்மா. அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். நல்ல சேதி சொன்ன வீட்டில் ஏன் ஒருவரும் சிரிக்கவில்லை என்று எனக்குக் கோபம் வந்தது.

அடுத்த சனிக்கிழமை வாசலில் போர்டு இல்லை. மாட்டியிருந்த ஆணியையும் பிடுங்கியிருந்தார்கள். கார் வந்தது. அந்தம்மா பையை அம்மாவின் கையில் கொடுக்காமல் டோக்கன் மேசைமேல் வைத்துவிட்டு நின்றார். அம்மா டோக்கனை மேசைமேல் வைத்தாள். அவர் அதை எடுத்துக்கொண்டு, ஜிம்மியைக் கக்கத்தில் இடுக்கியபடி கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே போனார். மொசைக் தரையைத் தாண்டி, பருப்புத் தொட்டியைத் தாண்டி, அம்மாவின் பழைய மேசைமேல் அது ஏறி நின்றதை நான் வெளியிலிருந்தே கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அன்று சந்தோஷம்தான். இனி எந்தப் பொட்டலத்தில் எத்தனை முடி விழுந்தாலும் என் அம்மாவை யாரும் ஒன்றும் கேட்க முடியாது. பல மாதங்களுக்குப் பிறகு அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

அம்மா அந்தக் கடையில் இருந்தவரை ஒருநாளும் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. காலையிலிருந்து சாயங்காலம்வரை வாசலில் நின்றுகொண்டே இருப்பாள். வீட்டுக்கு வந்து வீங்கிய காலுக்கு வெந்நீர் ஊற்றிக்கொள்ளும்போது, முதலாளி அவ்வளவு அன்பாக நாற்காலி போட்டுக் கொடுத்தும் இப்படி வீம்பு பிடிக்கிறாயே என்று நான்தான் அவளைத் திட்டுவேன்.