பழைய செல்லுக்குப் பகடை

இந்தத் துப்பாக்கிக்கு வெடிமருந்து வேண்டாம், கரண்ட் போதும் என்று நான் சொன்னபோது அக்கா சிரித்துவிட்டாள். "அப்ப நம்ம ஊர்ல அத வச்சிக்கிட்டு ஒரு காக்காயக்கூட சுட முடியாது" என்றாள். 2008. கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று மின்வாரியத்துக்கே தெரியாத காலம்.

நான் அப்போது சிதம்பரத்தில் எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன். என் அறைத் தோழன் பரங்கிப்பேட்டைக்காரன். வெளிநாட்டில் வேலை பார்த்த அவன் மாமா ஒரு விளையாட்டுப் புத்தகம் அனுப்பியிருந்தார். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருத்தர் கதை சொல்ல வேண்டும், இன்னொருத்தர் அதில் ஒரு ஆளாக மாறி, இப்போது என்ன செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை முடிவு செய்யும். "மச்சான், இது உனக்குத்தான் சரி, நீதான் ஓயாம கதை அளப்ப" என்று சொல்லி அவன் கொடுத்தான். நான் கீழவீதியில் ஜெராக்ஸ் எடுத்து, ஸ்பைரல் போட்டு, சனிக்கிழமை பஸ்ஸில் எங்கள் ஊர் குடிகாட்டுக்குக் கொண்டுபோனேன்.

அக்கா என்னைவிட மூன்று வயது பெரியவள். பத்தாவது படிக்கும்போதே அவளுக்குத் தசைகள் வலுவிழக்கும் நோய் வந்துவிட்டது. நான் புத்தகத்தோடு போன வருஷம் அவள் சக்கர நாற்காலியில் இருந்தாள். கையில் ஸ்பூன் பிடிப்பாள், பகடை உருட்டுவாள், அவ்வளவுதான். வாய்க்கு மட்டும் எந்த நோயும் வரவில்லை. விளையாட்டில் அவள் எடுத்துக்கொண்ட பாத்திரம், வேறொரு கிரகத்தில் ஒரு நாளைக்கு இருபது மைல் நடக்கிற ஒரு சிப்பாய். தோளில் அந்தக் காந்தத் துப்பாக்கி. எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் கெமிக்கல் கம்பெனிகளின் நாற்றம் வரும். அவள் கிரகத்தில் காற்று சுத்தமாக இருக்க வேண்டும் என்று முதல் நாளே கண்டிஷன் போட்டாள்.

துப்பாக்கி வேலை செய்கிற விதத்தைப் பெருமையாக விளக்கினேன். குழல் நெடுக வரிசையாகக் கம்பி சுற்றிய காயில்கள். ஒவ்வொன்றாகக் காந்தமாகி இரும்பு ஊசியை முன்னால் இழுத்துவிடும். அதற்குக் கண் இமைக்கும் நேரத்தில் ஏகப்பட்ட கரண்ட் வேண்டும், பேட்டரி செல்லால் அத்தனையையும் ஒரே மூச்சில் கொடுக்க முடியாது. அதனால் செல்லிலிருந்து ஒரு கெபாசிட்டரில் நிரப்பிக்கொண்டு மொத்தமாகக் கொட்ட வேண்டும். செல் கிணறு, கெபாசிட்டர் வாளி என்று சொன்னேன். சில துப்பாக்கிகளுக்கு முதுகில் பெரிய பேட்டரி மூட்டை, அதிலிருந்து ஒயர். அக்காவின் துப்பாக்கியில், ஊசிகளை அடைத்து மாட்டுகிற மேகஸினுக்குள்ளேயே செல் இருக்கும். நாற்பது ஊசி, நாற்பது தடவை சுடுவதற்கான கரண்ட். இரண்டும் சேர்ந்தே தீரும் என்று புத்தகம் சொன்னது.

அவளுக்கு அது பொறுக்கவில்லை. எந்த ஊரில் செல்லும் ஊசியும் சொல்லிவைத்தாற்போல ஒன்றாகத் தீரும் என்று கேட்டாள். டார்ச் லைட்டுக்குப் போடுகிற செல்லே ஒன்று ஒரு மாதம் வருகிறது, இன்னொன்று ஒரு வாரத்தில் செத்துப்போகிறது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை சண்டைக்குப் பிறகு, விளையாட்டுக்கென்று வைத்திருந்த நோட்டில் தன் கையாலேயே, எழுத்துக்கு எழுத்து நின்று, ஒரு விதி எழுதினாள்: 'பழைய செல் என்றால் லேபிளை நம்பக் கூடாது. பகடை போட வேண்டும். மூன்றுக்குக் கீழே விழுந்தால் பாதிதான் இருக்கிறது.'

நான் ஒத்துக்கொள்ளவில்லை. இது எதிர்காலம், அப்போது பேட்டரிக்கு வயசாகாது என்றேன். கதை சொல்கிறவன் வைத்ததுதான் சட்டம். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுடா" என்று சொல்லிவிட்டு, என் சட்டப்படியே விளையாடினாள். ஆனால் எந்தச் சண்டையிலும் கடைசி மேகஸினைத் தொடமாட்டாள். அது இருக்கட்டும் என்பாள்.

படிப்பு முடிந்து சிதம்பரம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் வாத்தியாரானேன். பிள்ளைகளுக்குப் பேட்டரி பாடம் நடத்தினேன். அதற்குள் அக்காவுக்கு மூச்சுத் தசைகளும் தளர்ந்துவிட்டன. முகத்தில் மாஸ்க் மாட்டிக் காற்றைத் தள்ளுகிற மெஷின் வந்தது, அதற்காக ஓர் இன்வர்ட்டரும் வந்தது. பேட்டரி வாங்கிய நாளில் அவளிடம், உன் துப்பாக்கிக்கு முதுகு மூட்டை வந்துவிட்டது என்றேன். முதலில் தூங்கும்போது மட்டும் மெஷின். 2011 கடைசியில் அரைமணி நேரம்கூட அது இல்லாமல் அவளால் இருக்க முடியவில்லை. ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் கரண்ட் போகும் அந்தக் காலத்தில் பேட்டரி தினமும் உழைத்தது. நான் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவதோடு சரி.

அந்த டிசம்பரில் வந்த புயலுக்கு முந்தின நாள் ராத்திரி பதினோரு மணிக்குக் கரண்ட் போனது. விடிந்து காற்று நின்றபோது தெருவில் ஒரு மின்கம்பம்கூட நேராக இல்லை. முந்திரி மரமும் பலா மரமும் ரோட்டை அடைத்துக் கிடந்தன. போன் இல்லை, ஆம்புலன்ஸ் வர வழியில்லை. கட்டிலோடு தூக்கிக்கொண்டு நடந்தே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம், அங்கே ஜெனரேட்டர் இருக்கும் என்றார் அப்பா. பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேர் தோள் கொடுக்கத் தயாராக வாசலில் வந்து நின்றார்கள்.

நான்தான் வேண்டாம் என்றேன். மழை விடவில்லை, வழியில் மெஷின் நனைந்தால் என்ன செய்வது. பேட்டரி லேபிளைப் பார்த்துத் தாளில் கணக்குப் போட்டேன். மெஷினைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நிறுத்தியாயிற்று, நேற்று ராத்திரியிலிருந்து முப்பது மணி நேரம் வரும், நாளை விடியற்காலை வரைக்கும் கவலையில்லை. அதற்குள் பக்கத்தில் முதுநகர் துறைமுகத்தில் ஒரு லாரி பேட்டரியாவது வாங்கி வந்துவிடுகிறேன் என்றேன். படித்த பிள்ளை சொன்னால் சரியாக இருக்கும் என்று அப்பா அடங்கிவிட்டார். தோள் கொடுக்க வந்தவர்களும் போய்விட்டார்கள்.

அக்கா என்னைக் கூப்பிட்டாள். மாஸ்க்குக்குள்ளிருந்து, மெஷின் மூச்சு விடும் இடைவெளியில் ஒவ்வொரு வார்த்தையாகத்தான் பேச முடியும்.

"பேட்டரி பழசுடா. பகடை போட்டியா?"

"அது கேம்க்கா. இது கணக்கு" என்றேன்.

அவள் சரி என்பதுபோலக் கண்ணை மூடித் திறந்தாள். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு, மரம் கிடந்த இடங்களில் அதைத் தூக்கிச் சுமந்து போனேன். பேட்டரி பன்னிரண்டு மணிக்கே கிடைத்துவிட்டது. கேரியரில் வைத்துக் கட்டித் தள்ளிக்கொண்டு வரும்போது வழியில் ரோட்டு மரத்தை வெட்டிக்கொண்டிருந்தார்கள். கையில்தான் நேரம் இருக்கிறதே என்று நானும் முக்கால் மணி நேரம் நின்று கிளை இழுத்துப் போட்டேன். ஒருவர் டீ கொடுத்தார், வாங்கிக் குடித்தேன்.

வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டு. மெஷின் பன்னிரண்டரைக்கே கத்த ஆரம்பித்ததாம். கொஞ்ச நேரம் கத்திவிட்டு அதுவும் நின்றுவிட்டதாம். அப்பா ஓடிப்போய் ஆட்களைக் கூட்டிவந்து கட்டிலைத் தூக்கியிருக்கிறார். தெருமுனை வரைதான் போக முடிந்தது. அம்மா விசிறியால் வீசிக்கொண்டே கூடப் போயிருக்கிறாள். நான் வந்தபோதும் வீசிக்கொண்டுதான் இருந்தாள். அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. இன்றுவரைக்கும் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரப் பல நாட்கள் ஆயின. பொங்கலுக்குப் பிறகு அவள் அலமாரியை அம்மா ஒழித்தபோது அந்த நோட்டு என் கைக்கு வந்தது. அவளுடைய சிப்பாய் ஒரு பாலைவனத்தின் நடுவில் நிற்கிறாள், சுற்றிலும் எதிரி ஆட்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொடரலாம் என்று நாங்கள் நிறுத்திய இடம் அது. இருப்பு என்று போட்டு அக்கா எழுதியிருக்கிறாள்: 'மேகஸின் ஒன்று. பழசு.'

பகடை என்னிடம்தான் இருக்கிறது. நான் இன்னும் போடவில்லை.