இரண்டு வீட்டிலும் இல்லாத பிள்ளை

அல்சூரை ஒட்டிய மர்பி டவுனில் விஜியின் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆஷாக்கா என்றால்தான் தெரியும். சுகாதாரத் துறையின் ஆஷா பணியாளர். ரோஸ் கலர் சேலை, தோளில் ஒரு பை, வாயில் மூன்று பாஷை. ஒரு சந்தில் தமிழ், பள்ளிவாசல் பக்கம் உருது, மெயின் ரோட்டு மாடி வீடுகளில் கன்னடம் என்று கதவுக்குத் தக்கபடி நாக்கைத் திருப்பிக்கொள்வாள்.

கர்ப்பிணிகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், பிறந்த பிள்ளைகளுக்கு வேளைக்கு ஊசி போட வைக்க வேண்டும், வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்க வேண்டும். இதுதான் அரசாங்கம் அவளுக்குக் கொடுத்த வேலை. ஜனங்கள் கொடுத்த வேலை அதைவிட ஜாஸ்தி. குடும்பத் தலைவிகளுக்கு வரும் உதவித்தொகை ஏன் இந்த மாசம் வரவில்லை, இலவச பஸ்ஸில் போக எந்தக் கார்டைக் காட்டுவது, ரேஷன் கார்டில் மருமகள் பேரை எப்போது சேர்ப்பார்கள், எல்லாம் அவளிடம்தான் கேட்பார்கள். "நான் இன்னா மினிஸ்டரா?" என்று எரிந்து விழுவாள். எரிந்து விழுந்துகொண்டே போன் போட்டு விசாரித்தும் கொடுப்பாள்.

பிறந்து வளர்ந்ததும் அதே பேட்டைதான். பத்தாவது வரை கன்னட மீடியம். கட்டிக்கொண்ட நரேஷ் ஆட்டோ ஓட்டுகிறவன், வாய்த்துடுக்குக்காரன். "ஊர்ல இருக்கற பிள்ளைங்க கணக்கெல்லாம் விரல் நுனில வச்சிருக்க. நம்ம பையன் எந்த கிளாஸ்னு கேட்டா முழிக்கிறியே" என்பான். "ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும். போய் வண்டியை எடு" என்று பதிலடி கொடுப்பாள். ஒன்றே ஒன்றில் அவளுக்குக் கர்வம் உண்டு. தன் சந்துகளில் ஊசி போடாத பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது என்று கிளினிக்கில் மார்தட்டிச் சொல்லிக்கொள்வாள்.

அந்தக் கர்வத்துக்குத்தான் போன வருஷம் சோதனை வந்தது. சந்தில் தட்டம்மை புகுந்தது. ஜனங்கள் அம்மா வந்திருக்கிறாள் என்று வாசலில் வேப்பிலை செருகினார்கள். இரண்டு பிள்ளைகளுக்கு வந்து இறங்கிவிட்டது. மூன்றாவது பிள்ளைக்குச் சளி நெஞ்சில் கட்டி, ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தது. அது வெளியூரிலிருந்து புதிதாக வந்த குடும்பத்துப் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் அரசாங்கத்தின் ஆரோக்கிய மேளா நடக்கப் போகிறது, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எல்லாருக்கும் அங்கே ஊசி என்று கிளினிக் நர்ஸ் நிருபமா சொன்னாள். "ஒந்தும் மிஸ் ஆகபாரது, விஜி" என்று விரலை வேறு ஆட்டினாள். ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாதாம். என்னிடமா சொல்கிறாய் என்று விஜி மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டாள்.

மறுபடியும் வீடு வீடாக ஏறி இறங்கினாள். சந்தின் கடைசியில் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு இரண்டு வீடுகள். ஒன்றில் கோமளம், அவள் புருஷன் பெயிண்டர் சீனு. இன்னொன்றில் யூனிஸ், அறுபதை எட்டப்போகிற விதவை. இரண்டு குடும்பமும் லிங்கராஜபுரத்தில் ஒரே காம்பவுண்டில் குடியிருந்தவர்கள். அதை இடித்து அபார்ட்மெண்ட் கட்டப்போகிறார்கள் என்றதும் மூன்று மாசத்துக்கு முன்னால்தான் சேர்ந்தே இங்கே வந்தவர்கள். கணக்கெடுத்தபோது கோமளம் "எங்க வூட்ல பிள்ளை இல்லக்கா" என்றிருந்தாள். யூனிஸைக் கேட்கவே தேவையில்லை, அவள் பெண்கள் எல்லாம் கல்யாணமாகிப் போய்விட்டார்கள்.

இரண்டு வீட்டிலும் பிள்ளை இல்லை. ஆனால் இரண்டு வீட்டுக்கும் பொதுவான கொடியில் முழ நீளத்துக்கு ஒரு கால்சட்டையும் வாத்து படம் போட்ட சட்டையும் காய்ந்துகொண்டிருந்தன.

"இதுக்குச் சொந்தக்காரரு யாரும்மா?" என்றாள் விஜி.

"பக்கத்து வூட்டுது" என்றாள் கோமளம், முகத்தைப் பார்க்காமல்.

அதே சமயம் கோமளத்தின் வீட்டுக்குள்ளிருந்து கையில் பிஸ்கட்டோடு இரண்டு வயசுப் பையன் ஒருவன் ஓடிவந்தான். நேரே போய் யூனிஸின் காலைக் கட்டிக்கொண்டு "அம்மா" என்றான். விஜி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏன் ஆன்ட்டி, உங்க டெலிவரிக்கு யாரு கூட வந்தது? நான் வரலையே!"

யூனிஸுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கோமளம் சிரிக்கவில்லை, உள்ளே போய்விட்டாள். யூனிஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இவன் குப்பு. தவிட்டுக்கு வாங்கினேன்மா."

விஜிக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பிறக்கிற பிள்ளைகள் தங்காமல் போனால், அடுத்ததைப் பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரு படி தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். குப்பை, பிச்சை என்று எமன் சீந்தாத பேராக வைப்பார்கள். பெற்றவள் தன் பிள்ளை என்று வாயைத் திறக்கக் கூடாது. பிள்ளை, வாங்கினவளை அம்மா என்றும் பெற்றவளை அத்தை என்றும் கூப்பிடும். ஐந்து வயசு தாண்டுகிறவரை இந்த நாடகம். குப்புவுக்கு முன்னால் கோமளத்துக்கு இரண்டு பிறந்து, இரண்டும் முதல் வருஷத்திலேயே போய்விட்டிருந்தன. கோமளத்தின் மாமியார் சொல்ல, யூனிஸ் அல்சூர் மார்க்கெட்டில் மாட்டுத்தீவனக் கடை தேடி அலைந்து தவிடு வாங்கி வந்தாளாம். சர்ச்சுக்குப் போகிறவள் இதற்கெல்லாம் ஒப்புக்கொண்டாளா என்றால், ஒரு தாய் மடியேந்தி நின்றால் எந்தக் கடவுள் கோபித்துக்கொள்ளும் என்று அவளே திருப்பிக் கேட்டாள். எமனை ஏமாற்றப் போட்ட நாடகத்தில் அரசாங்கமும் சேர்ந்து ஏமாந்துபோயிருந்தது. ஆஸ்பத்திரியில் பிறந்த அன்று போட்டதோடு சரி, அப்புறம் குப்புவுக்கு ஒரு ஊசி கிடையாது.

விஜிக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. ஆனால் எந்த வாயால் மூடநம்பிக்கை என்று சொல்வது? தன் பிள்ளை கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைக்காமல் அவளே ஒரு நாளும் வாசல் தாண்டவிட்டதில்லை. உள்ளே போய்க் கோமளத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கோமளா, அம்மை யார் வூட்டுப் பிள்ளைன்னு கேட்டுனு வராது. நாலு வூடு தள்ளி வந்துட்டுது. ஊசி போட்டே ஆகணும்."

"போடுக்கா. நானா வாணாங்கறேன்? ஆனா என் புள்ளைன்னு என் வாயால சொல்ல மாட்டேன். ரெண்டு தடவை சொன்னேன். ரெண்டும் போச்சு."

அவள் அழவில்லை. அழாமல் சொன்னதுதான் விஜியை என்னவோ செய்தது. சரி, யூனிஸே தூக்கிக்கொண்டு வரட்டும் என்று முடிவாயிற்று. பாம்பும் சாகாமல் தடியும் உடையாமல் காரியத்தை முடித்துவிட்டோம் என்று விஜி நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மைதானம் தேர்த்திருவிழா மாதிரி இருந்தது. ஷாமியானா, பேனர், ஸ்பீக்கரில் காது கிழிகிற கன்னட அறிவிப்பு. கண் பார்க்க ஒரு வரிசை, சர்க்கரை பார்க்க ஒரு வரிசை, எதற்கென்றே தெரியாமல் மோர் கொடுக்கிற இடத்தில் எல்லாவற்றையும்விட நீள வரிசை. ஊசி போடும் இடத்தில் ஸ்ரீஹர்ஷா என்ற இளவயசு டாக்டரும் நிருபமாவும் இருந்தார்கள். குப்புவோடு யூனிஸின் முறை வந்தது. கோமளம் காம்பவுண்டு ஓரத்து மரத்தடியில், யாரோ எவரோ போல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

டாக்டர் பிள்ளையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். வைத்தவர் யோசித்தார். குறைமாசமா, பிறந்தபோது மூச்சுத்திணறல் இருந்ததா, வலிப்பு வந்ததுண்டா, கூடப் பிறந்தவர்கள் உண்டா? யூனிஸுக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"பெட்டியில வச்சிருந்தாங்க சார்."

"ஏன்?"

தெரியவில்லை. டாக்டர் நல்ல மனுஷன்தான், கடுகடுக்கவில்லை. ஆனால் தெரியாமல் போட மாட்டேன் என்றார். "தாயி யாரு?" என்று கேட்டார்.

ஒன்றும் இல்லை சார், எனக்குத் தெரியும் என்று சொல்ல விஜிக்கு நாக்கு நுனிவரை வந்தது. அவள் சொன்னால் நம்புவார்கள். இத்தனை வருஷத்தில் அவள் வார்த்தையை அந்தக் கிளினிக்கில் யாரும் சந்தேகப்பட்டதில்லை. ஆனால் பொய்யென்று தெரிந்தே பிள்ளையின் உடம்பில் விளையாடத் துணிவு வரவில்லை. விறுவிறுவென்று மரத்தடிக்கு நடந்தாள்.

"நான் பொய் சொன்னா ஊசி போட்டுடுவாங்க, கோமளா. என்னால முடியல. அவனைப் பத்தி உனக்குத் தெரிஞ்சது வேற யாருக்கும் தெரியாது. அப்பறம் உன் இஷ்டம்."

கோமளம் அவளை முறைத்துப் பார்த்தாள். அப்புறம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். டாக்டரின் முன்னால் வந்து நின்று, உதடு அசைந்ததும் அசையாததுமாக, "நன்ன மகு" என்றாள். என் குழந்தை என்று கன்னடத்தில். எமனுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும் என்று நினைத்தாளோ என்னவோ. அல்சூரில் இத்தனை காலம் அலைந்தவனுக்குக் கன்னடம் தெரியாமலா இருக்கும்!

ஸ்பீக்கர் சத்தத்தில் டாக்டருக்குக் காது கேட்கவில்லை. "ஏனம்மா? ஜோராகி ஹேளி" என்றார், உரக்கச் சொல்லச் சொல்லி. அவள் மறுபடி சொன்னாள். மறுபடியும் அவர் காதைச் சாய்த்தார்.

"என் புள்ள சார்! நான் பெத்த புள்ள!"

மோர் வரிசைவரை தலைகள் திரும்பின. கோமளம் நிறுத்தவில்லை. ஏழாம் மாசமே பிறந்தான், மூச்சு விடத் தெரியாமல் இருந்தான், பெட்டிக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன், வலிப்பு வந்ததில்லை, இவனுக்கு முன்னால் ஒன்று நிமோனியாவில் போனது, ஒன்று பாலைக்கூடக் குடிக்காமல் போனது என்று, இரண்டு வருஷமாக வாயில் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினாள். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். இதற்கெல்லாம் ஊசியால் கெடுதல் இல்லை, இவனுக்குத்தான் கட்டாயம் போட வேண்டும் என்றார். நிருபமா குப்புவின் கையைப் பிடித்துத் துடைத்து, அவன் என்னவென்று பார்ப்பதற்குள் போட்டுவிட்டாள்.

"அம்மா!" என்று வீறிட்டான். இரண்டு கையும் யூனிஸை நோக்கி நீண்டன.

யூனிஸின் கைகளும் பழக்கத்தில் பாதி தூரம் போய்விட்டன. சட்டென்று இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "அதோ அம்மா, அங்க போ கண்ணு" என்றாள்.

பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. கோமளம்தான் அள்ளி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். தோளுக்கு மேலே யூனிஸைப் பார்த்தபடியே அம்மா, அம்மா என்று அவன் கதறினான். ஒவ்வொரு 'அம்மா'வுக்கும் "இன்னா சாமி, இன்னா ராசா, இதோ இருக்கேன்" என்று கோமளம் பதில் சொல்லிக்கொண்டே வெளியே போனாள். அவன் கூப்பிட்டது யூனிஸை.

பின்னால் நின்ற விஜிக்கு யூனிஸின் முகம் தெரியவில்லை. ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்த அந்தக் கைகள்தான் தெரிந்தன. அடுத்த பிள்ளையை அனுப்பச் சொல்லி நிருபமா கூப்பிட்டாள். "இருங்க மேடம்" என்று சொல்லிவிட்டு, விஜி அந்தக் கைகளைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள்.