தலைவர் பனி அள்ளிய நாட்கள்

யாழ்ப்பாணத்தில் விடிவதற்குள் எங்கள் வீட்டு முற்றத்தில் இருபது பேராவது நிற்பார்கள். என் கணவர் பாராளுமன்ற உறுப்பினர். அவரோடு தனியாகப் பேச வேண்டுமென்றால் நானும் அவருடைய செயலாளரிடம் சொல்லி வைக்க வேண்டும். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு அவர் சென்னைக்குப் போனார். என்னை நியூ ஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷனில் இருந்த அக்கா வீட்டுக்கு அனுப்பி வைத்தார். அங்கே ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலைக்குச் சேர்ந்தேன்.

இரண்டாம் வருஷம் மாசி மாதம், தமிழர் கூட்டமொன்றில் பேச அவர் வந்தார். வந்திறங்கிய அன்றே பனி கொட்டத் தொடங்கியது. வீதிகள் மூடின, கூட்டம் தள்ளிப்போனது. டாக்டர்களான அக்காவும் அத்தானும் ஆஸ்பத்திரியிலேயே மாட்டிக்கொண்டார்கள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்.

முதல் நாள் தன் பேச்சையே திருத்திக்கொண்டிருந்தார். மறுநாள் பனி அள்ளுகிற ஷவலை அவர் கையில் கொடுத்தேன். ஊரில் அவரைக் குடைகூடப் பிடிக்க விட்டதில்லை. எங்கள் வாசலை முடித்துவிட்டு, கேட்காமலே பக்கத்து வீட்டு வாசலுக்கும் போனார். அங்கே தனியாக இருந்த அமெரிக்கக் கிழவி, உன் புருஷன் என்ன வேலை பார்க்கிறார் என்று என்னைக் கேட்டாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், பேசுகிறவர் என்றேன். செத்துப்போன தன் புருஷனும் பேசுகிறவர்தான், ஆனால் ஒருநாளும் பனி அள்ளியதில்லை என்று சொல்லி, தான் சுட்ட ஆப்பிள் பை என்ற பலகாரத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நான் உழைச்சு வாங்கின சாப்பாடு," என்று பெருமையாகச் சொல்லி, பாதியை அவரே தின்று தீர்த்தார்.

அன்று பின்னேரம் வெங்காயம் நறுக்கிக்கொண்டே என் கேன்டீன் கதைகளைக் கேட்டார். பால் பெட்டிகளை அடுக்கி விளையாடும் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"நீர் ஊரில ஒருநாளும் இப்பிடிக் கதைச்சதில்லையே," என்றார்.

"நீங்கள் எப்ப தனிய இருந்தனீங்கள்?"

கத்தியைக் கீழே வைத்தார். சுட்டுக் கொல்லப்பட்ட தன் நண்பரைப் பற்றிப் பேசினார். மேடைகளில் பலமுறை சொன்னதுதான்; ஆனால் இப்போது அழுதார். நான் அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அடுத்த ஞாயிறு கூட்டம் நடந்தது. சென்னைக்குப் புறப்படும்போது என்னையும் கூட வரச் சொன்னார். பள்ளிக்கூட வருஷம் முடியும்வரை வேலைக்கு வருவதாகக் கேன்டீனில் சொல்லிவிட்டேன், ஆனியில் வருகிறேன் என்றேன். அவரும் வற்புறுத்தவில்லை. விமான நிலையத்தில், வழியனுப்ப வந்தவர்களுக்கு உள்ளங்கைக் கொப்புளங்களைக் காட்டிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.