குகைக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்

தொண்ணூறுகளின் கடைசி. கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அந்தக் கோடையில், ஆறாம் மாதத்தில் என் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. அக்கம்பக்கத்தார் தங்கமானவர்கள். ரசம் கொண்டுவந்தார்கள், சீரியல் கதை சொன்னார்கள். குழந்தையைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. நானும்தான். சாப்பிடுவேன், தூங்குவேன், எழுந்தால் மறுபடி அதே அசதி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர், "மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலோரமா ஒரு குகை இருக்காம். யாருக்கும் அவ்வளவா தெரியாது. போயிட்டு வருவோமா?" என்றார். மறுக்கக்கூடத் தெம்பில்லாமல் கிளம்பினேன். பஸ்ஸை விட்டு இறங்கி மணலில் நடந்தோம், நடந்தோம், நடந்துகொண்டே இருந்தோம். "அந்தச் சவுக்குத் தோப்பைத் தாண்டினா வந்துடும்" என்பார். தாண்டினால் இன்னொரு தோப்பு. இந்த மனிதரைக் கடலில் தள்ளிவிட்டுத் திரும்பிவிடலாமா என்றிருந்தது.

ஒருவழியாக வந்துவிட்டது. பாதி மணலில் புதைந்த பாறை, குனிந்து நுழைய ஒரு வாய். ஆசையாகக் குனிந்தவரை உள்ளேயிருந்து ஒரு குரல் நிறுத்தியது.

"யோவ் அண்ணாத்த, பொம்பளைங்க படுத்துகினு கீறோம், தெர்ல? அப்பால போய்க் குந்து. அக்காவ மட்டும் அனுப்பு."

மீன் விற்றுவிட்டுத் திரும்பும் பெண்கள் வெயில் தாழும்வரை இளைப்பாறும் இடமாம். அந்த நேரத்தில் அவர்கள் குப்பத்து ஆண்கள்கூட அங்கே தலைகாட்ட மாட்டார்களாம். இவர் அசடு வழியப் பின்வாங்கினார். நான் உள்ளே போய், காலிக் கூடைகளுக்கு நடுவே சில்லென்ற மணலில் அப்படியே சாய்ந்துவிட்டேன்.

பக்கத்தில் படுத்திருந்தவளுக்கு என் வயதுதான் இருக்கும். "புள்ளைங்க எத்தினி?" என்றாள்.

"ஆறாம் மாசத்துல போயிடுச்சு."

"எனக்கும் ஒண்ணு போச்சு. நல்லா அழுதியா?"

அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. அப்படியே உடைந்துபோனேன். "அழுவு, இங்க எவன் பாக்கப் போறான்" என்று முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். மற்றவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எவ்வளவு நேரம் அழுதேனோ தெரியாது.

வெளியே வந்தால், கொளுத்தும் வெயிலில் என் கணவர் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "உள்ள எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். கண்கள் சிவந்திருந்தன.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது அவருக்கும் பிள்ளைதானே. என்னை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துவந்த மறுநாளே ஷிஃப்டுக்குப் போனவர். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க அழுதீங்களா?" என்றேன். என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

இன்றும் துக்கம் விசாரிக்கப் போனால், உள்ளே பெண்களிடம் போவதற்கு முன், வாசலில் வருகிறவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கும் அந்த வீட்டு ஆணின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்கிறேன். அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.