காளைகளுக்குப் புரிந்த பேச்சு

எங்கள் அத்தைக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். அது பிறவிக் குணம் இல்லை, போர்க்காலத்தில் கற்றுக்கொண்ட தொழில் என்று நான்தான் எல்லோருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்பாவைப் படைக்கு எடுத்தபோது அவருக்குப் பத்தொன்பது வயது, அவர் தங்கையான அத்தைக்குப் பதின்மூன்று. வீட்டில் ஒரு ஜோடி காளை, குத்தகைக்கு ஆறு ஏக்கர். காளைகளைப் பழக்கியவர் அப்பா. கெட்ட வார்த்தை காதில் விழாமல் அவை ஓரடி எடுத்து வைக்காது; பழக்கிய லட்சணம் அப்படி. தாத்தாவோ பரம சாது, கோழியைக்கூட மரியாதையாக விரட்டுகிறவர். முதல் நாள் ஏரைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் நகருங்கப்பா என்று கெஞ்சிப் பார்த்தார். இரண்டும் அசைபோட்டுக்கொண்டு நின்றன.

அண்ணனுக்குச் சோறு கொண்டுபோன நாட்களில் அத்தை வரப்பில் உட்கார்ந்தே அத்தனையையும் மனப்பாடம் செய்திருந்தாள். பள்ளிக்கூடத்துப் பாடம் எதுவும் ஏறாத மண்டையில் இது மட்டும் ஒரு சொல் விடாமல் ஏறியிருந்தது. மறுநாளிலிருந்து நான்கு வருடம் அவள்தான் உழுதாள். மானம் போய்விடும் என்று பயந்து, தானே உழுவதாகத் தாத்தா வெளியில் சொல்லிக்கொண்டார். ஊருக்குக் காது இருப்பதை மறந்துவிட்டார், பாவம்.

போர் முடிந்தது, கூடவே பழைய அரசாங்கமும் கவிழ்ந்தது. புதிதாக வந்தவர்கள், உழுகிறவருக்கே நிலம் என்றார்கள். உடனே நிலக்காரர், அந்தக் கிழவனுக்கு ஏர் பிடிக்கவே தெரியாது, நிலத்தை என்னிடமே விட்டுவிடுங்கள் என்று மனுப் போட்டார். விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். உழுது காட்டினால் நிலம். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அன்றைக்கு வாயைத் திறக்கவே கூடாதென்று அத்தைக்குக் கட்டளை. தாத்தா சலவைச் சட்டையோடு ஏரைப் பிடித்தார். தட்டினார், தடவினார், காலில் விழாத குறை. காளைகள் அதிகாரியை வேடிக்கை பார்த்தன. நிலக்காரர் சிரித்தார். அதிகாரி பேனா மூடியைக் கழற்றினார்.

அதற்குமேல் அத்தையால் தாங்க முடியவில்லை. வரப்பிலிருந்தே ஆரம்பித்தாள். காளைகளின் தாயார், அதற்கு முந்தைய தலைமுறை என்று ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. நிலக்காரரே இரண்டடி பின்வாங்கினார். காளைகள் கிளம்பின, தாத்தா பின்னால் இழுபட்டுப் போனார்.

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, நிஜமாக யார்தான் உழுகிறது என்று கேட்டார். தாத்தா தலையைக் குனிந்துகொண்டார்.

"எம் பொண்ணுதாங்க. நாலு வருஷமா அவதான்."

அதிகாரி அவள் பெயரிலேயே பட்டா எழுதிவிட்டார். நிலம் கிடைத்த சந்தோஷத்தைவிட, மகன் வந்தால் என்ன சொல்வானோ என்ற கவலைதான் தாத்தாவை அரித்தது.

அறுவடை சமயத்தில் அப்பா திரும்பி வந்தார், ஒரு கை இல்லாமல். அவர் உட்காரக்கூட விடாமல் தாத்தா விஷயத்தைச் சொல்லி, பட்டாவை அவர் பெயருக்கு மாற்றிவிடலாம் என்று இழுத்தார். ஆறு ஏக்கரும் கைவிட்டுப் போகப்போகிறது என்று அத்தைக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் அந்த வெறும் சட்டைக்கையைப் பார்த்த பிறகு எதிர்த்துப் பேச அவளுக்கு மனம் வரவில்லை.

அப்பா தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார்.

"அவ பேர்லயே இருக்கட்டும்ப்பா. என் பேரை அரசாங்கம் ஒரு தடவை எழுதிக்கிட்டதே போதும்."